வாயில் விரல் வைத்த வெண்கலக் குழந்தை: ரோமானியர் கால எகிப்தின் வீட்டுத் தெய்வம்

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அருங்காட்சியகம் ஒன்றில் சுண்டுவிரலை விடக் கொஞ்சம் உயரமான ஒரு வெண்கலக் குழந்தையைப் பார்த்தீர்கள். உடம்பில் துணி இல்லை, தலையில் கிரீடம், வலது கை விரல் உதட்டருகே. ‘ஹார்ப்போக்ரட்டீஸ், எகிப்து, ரோமானியர் காலம்’ என்று எழுதியிருந்தது. வழிகாட்டி அதை ‘மௌனத்தின் கடவுள்’ என்றார். ரோமானியர்கள் ஆண்ட காலத்தில் எகிப்தியச் சாமியை யார் செய்தார்கள், அது உண்மையிலேயே மௌனத்தின் கடவுள்தானா, பார்க்க நம் பாலகிருஷ்ணன் மாதிரி இருக்கிறதே, ஏதாவது தொடர்பு உண்டா, இணையத்தில் இதே மாதிரி விற்கிறார்களே, வாங்கலாமா? கடைசிக் கேள்விக்கு மட்டும் இப்போதே பதில்: வாங்காதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்த விரல். எகிப்தியர்களுக்கு அது மௌனம் இல்லை. குழந்தை என்பதற்கான அடையாளம், அவ்வளவுதான். அவர்களுடைய சித்திர எழுத்தில் ‘குழந்தை’ என்று குறிக்க, கையை வாயருகே வைத்து உட்கார்ந்திருக்கும் ஓர் உருவத்தைத்தான் எழுதினார்கள். பிரமிடுகள் எழுந்த காலத்துக் கல்லறைச் சுவர்களிலேயே அதிகாரிகளின் பிள்ளைகள் ஆடையில்லாமல், வாயில் விரலோடு நிற்பதைப் பார்க்கலாம். தலையை மழித்து வலப்பக்கம் மட்டும் விட்டிருக்கும் ஒற்றைச் சடையும் அதே மாதிரிதான். வாயில் விரலும் பக்கச் சடையும் இருந்தால் பிள்ளை. கூடவே மேல் எகிப்தின் வெள்ளைக் கிரீடமும் கீழ் எகிப்தின் சிவப்புக் கிரீடமும் சேர்ந்த இரட்டைக் கிரீடம் இருந்தால், நாடு முழுவதையும் ஆளப் பிறந்த பிள்ளை, அதாவது ஹோரஸ். ‘குழந்தை ஹோரஸ்’ என்ற எகிப்தியப் பெயரைத்தான் கிரேக்கர்கள் ஹார்ப்போக்ரட்டீஸ் என்று உச்சரித்தார்கள்.

கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். ஒசைரிஸ் என்ற அரசனை அவன் தம்பி சேத் கொன்றுவிடுகிறான். மனைவி ஐசிஸ் கணவனின் உடலைத் தேடிக் கண்டெடுத்து, அதற்குப் பின் ஒரு மகனைப் பெறுகிறாள். சேத் கண்ணில் படாமல் நைல் கழிமுகத்தின் பப்பிரஸ் கோரைச் சதுப்பில் பிள்ளையை ஒளித்து வளர்க்கிறாள். அங்கே தேளும் பாம்பும் உண்டு. ஒருமுறை தேள் கடித்துப் பிள்ளை மூச்சுப் பேச்சில்லாமல் கிடக்கிறான். அவள் அலறிய அலறலில் சூரியனின் ஓடமே வானத்தில் நின்றுவிடுகிறது. தெய்வங்கள் இறங்கிவந்து பிள்ளையைக் காப்பாற்றுகிறார்கள்.

இந்தக் கதையில் எகிப்தியத் தாய்மார்களைக் கட்டிப்போட்டது சேத்தோடு நடக்கும் அரசுரிமைச் சண்டை இல்லை, இந்தத் தேள்கடிதான் என்று நான் நினைக்கிறேன். குழந்தை ஹோரஸ் முதலைகளை மிதித்துக்கொண்டு, இரு கைகளிலும் பாம்பையும் தேளையும் பிடித்து நிற்கும் சிறு கற்பலகைகள் நிறையக் கிடைத்திருக்கின்றன. அவற்றின் மேல் மந்திரம் செதுக்கியிருக்கும். அதன்மேல் தண்ணீர் ஊற்றி, வழிகிற தண்ணீரைப் பிடித்துக் கடிபட்டவருக்குக் குடிக்கக் கொடுப்பார்கள். இந்த வகையில் மிகப் புகழ்பெற்றது, எகிப்திய அரசன் இரண்டாம் நெக்டனெபோ காலத்தில், கி.மு. 4ஆம் நூற்றாண்டில் செய்த மெட்டர்னிக் கல். இப்போது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஐசிஸின் பிள்ளை பிழைத்தான், அதே மந்திரத்தால் என் பிள்ளையும் பிழைக்கும் என்பதுதான் நம்பிக்கை. நீங்கள் பார்த்த சிலையின் வேரும் இங்கேதான் இருக்கிறது.

அப்படியானால் மௌனம் எங்கிருந்து வந்தது? வெளியிலிருந்து பார்த்தவர்களிடமிருந்து வந்தது. ரோமக் கவிஞர் கட்டல்லஸ் கி.மு. முதல் நூற்றாண்டிலேயே ‘ஹார்ப்போக்ரட்டீஸ்’ என்ற பெயரை வாய்திறக்காதவன் என்ற பொருளில் எழுதிவிட்டார். கி.பி. 100ஐ ஒட்டி, டெல்ஃபி கோயிலில் பூசாரியாக இருந்த புளூட்டார்க் ஐசிஸையும் ஒசைரிஸையும் பற்றி எழுதிய நூலில் இதை ஒரு தத்துவமாகவே ஆக்கினார். இவனை வளர்ச்சி பெறாத பிள்ளை என்று எண்ணாதீர்கள், தெய்வத்தைப் பற்றி மனிதர்கள் பேசும் அரைகுறைப் பேச்சைத் திருத்துபவன், அதனால்தான் உதட்டில் விரல் என்கிறார். மெசோரே என்ற எகிப்திய மாதத்தில் பருப்பு தானியங்களைப் படைத்து ‘நாவே அதிர்ஷ்டம், நாவே தெய்வம்’ என்று எகிப்தியர்கள் சொல்வதாகவும் அதே இடத்தில் குறிப்பிடுகிறார். அழகான விளக்கம்தான். ரோம் நகரத்து ஐசிஸ் அடியார்கள் இதை மனதார நம்பியிருப்பார்கள். அதனால் வழிகாட்டி சொன்னதைப் பொய் என்று தள்ள மாட்டேன். இத்தாலியில் கிடைத்த சிலையாக இருந்தால் அந்தப் பொருள் பொருந்தும். ஆனால் எகிப்தில், ஒரு கிராமத்து வீட்டில் இருந்த சிலைக்கு அதைப் பொருத்தினால், அந்த வீட்டுக்காரர் நினைத்தே பார்க்காத ஒன்றை அவர் தலையில் கட்டுகிறோம்.

இனி ஆட்சி விஷயம். கி.மு. 30இல் ஏழாம் கிளியோபாட்ரா இறந்ததும் எகிப்து ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸின் கைக்குப் போனது. சாமிகள் எதுவும் மாறவில்லை. ரோமப் பேரரசர்களே கோயில் சுவர்களில் ஃபாரோ, அதாவது எகிப்திய அரசன் வேடத்தில் காட்சி தருகிறார்கள். டெண்டெரா என்ற ஊரில் ஹாத்தோர் தேவி கோயிலின் முன்னால் ‘பிறப்பு இல்லம்’ என்று ஒரு சிறு கோயில் இருக்கிறது. தெய்வக் குழந்தையின் பிறப்பைக் கொண்டாட மட்டுமே கட்டியது. அதன் வெளிச்சுவரில், குழந்தைக்குப் பால் கொடுக்கும் தேவியின் முன்னால் டிராஜன் காணிக்கையோடு நிற்கிறான். அந்தப் பேரரசன் அந்தச் சுவர்ப் பக்கம் வந்திருக்கவே மாட்டான். எகிப்துக்கு ஒரு ஃபாரோ வேண்டும், ஃபாரோ காணிக்கை தர வேண்டும், அதனால் ரோமில் யார் ஆண்டாலும் அவர் பெயரை எழுதிக்கொண்டார்கள்.

ஆனால் கோயில்களின் பணம் குறைந்தது. கோயில் நிலங்களின் மேல் ரோமானிய நிர்வாகம் கைவைத்தது, பூசாரிகளைக் கணக்கில் எடுத்தது, அவர்கள் கம்பளித் துணி உடுத்தக் கூடாது, முடி வளர்க்கக் கூடாது என்று பழைய ஆசாரங்களைக்கூட அரசு விதியாக எழுதி, மீறினால் அபராதம் என்றது. இது வெண்கலச் சிலைகளிலும் தெரிகிறது. ரோமானியருக்கு முந்தைய நூற்றாண்டுகளில் சிறு வெண்கலங்கள் பெரும்பாலும் கோயிலுக்கு நேர்ந்துகொண்டு கொடுத்தவை. ‘இன்னாருக்கு ஒசைரிஸ் உயிர் அருள்வாராக’ என்று அடியில் பெயர் பொறித்துக் கொடுப்பார்கள். கோயிலில் இடம் நிறைந்ததும் பூசாரிகள் அவற்றைக் குழி தோண்டிப் புதைப்பார்கள், சாமிக்குக் கொடுத்ததை உருக்கக் கூடாது என்பதால். கர்னாக் கோயிலில் பிரெஞ்சு ஆய்வாளர் ஜார்ஜ் லெக்ரன் 1903 முதல் தோண்டிய ஒரே குழியிலிருந்து சுமார் 17,000 வெண்கலங்கள் வந்தன என்றால் எவ்வளவு பெரிய தொழில் என்று பாருங்கள். ரோமானியர் காலத்தில் அந்தப் பெருவெள்ளம் வடிந்துவிடுகிறது. சிறு சிலைகள் வீட்டுப் பக்கம் நகர்கின்றன.

அந்த வீடுகளைப் பார்க்க கரானிஸுக்குப் போக வேண்டும். கெய்ரோவுக்குத் தென்மேற்கே ஃபயூம் பகுதியில் இருந்த ஊர். மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் 1924 முதல் 1935 வரை அங்கே தோண்டினார்கள். அரண்மனை, கல்லறை என்று தேடாமல், விவசாயிகளும் வரிதண்டுபவர்களும் ஓய்வுபெற்ற சிப்பாய்களும் குடியிருந்த மண்வீடுகளைத் தெருத்தெருவாக வெளியே கொண்டுவந்தார்கள். வீட்டுச் சுவர்களில் மாடங்கள். ஒரு வீட்டில் ஐசிஸ் மடியில் ஹார்ப்போக்ரட்டீஸை வைத்துப் பால் கொடுக்கும் ஓவியம். சுட்டமண் பொம்மைகளும் உண்டு. ஃபயூமில் கிடைக்கும் சுட்டமண் ஹார்ப்போக்ரட்டீஸ் பல, கையை ஒரு பானைக்குள் விட்டிருப்பார். குழந்தைக்குக் கொடுக்கும் கஞ்சிப் பானை அது என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். சிங்காசனத்துக்கு உரியவன் கஞ்சி அள்ளித் தின்கிறான்! ஏழை வீட்டில் மண்ணால் செய்தது, கொஞ்சம் வசதியானவர் வீட்டில் வெண்கலத்தால் செய்தது. நீங்கள் பார்த்ததும் இப்படி ஒரு வீட்டு மாடத்திலிருந்தோ, ஒருவர் கழுத்திலிருந்தோ வந்திருக்க நிறையவே வாய்ப்பு இருக்கிறது.

கழுத்து என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. இந்த வகைச் சிலையைப் பார்க்கும்போது முதுகைப் பார்க்க வேண்டும். பல சிலைகளின் பின்கழுத்துக்குக் கீழே ஒரு சின்ன வளையம் இருக்கும், உடலோடு சேர்த்தே வார்த்தது. கயிறு கோத்துத் தொங்கவிட அது. சிலவற்றில் பாதத்துக்கு அடியில் ஒரு முளை நீட்டிக்கொண்டிருக்கும். மரப் பீடத்தில் செருக அது. வளையத்தின் உள்விளிம்பு கயிறு உரசித் தேய்ந்திருந்தால், அதை ஒருவர் நாள்தோறும் சுமந்தார் என்று அர்த்தம். அருங்காட்சியகங்கள் முகத்தை மட்டும் நம் பக்கம் திருப்பி வைப்பதால் இந்தச் செய்தி நமக்குக் கிடைக்காமல் போகிறது. எனக்கு இதில் உள்ளபடியே ஆதங்கம் உண்டு. ஒரு சிறு கண்ணாடியைப் பின்னால் வைத்தால் போதுமே.

முன்பக்கத்துக்கு வருவோம். ஃபாரோக்கள் காலத்து வெண்கலத்தில் குழந்தை விறைப்பாக நிற்கும், இல்லையென்றால் தாய் மடியில் உட்காரும் வாக்கில் கால் மடங்கியிருக்கும். தலை மழித்து, சடை பட்டையாக இறங்கும். ரோமானியர் காலத்துப் பிள்ளை ஒரு காலில் பாரத்தை ஊன்றி இடுப்பை ஒருபக்கம் ஒசித்து நிற்கிறான். தொந்தி, கொழுத்த தொடை, சுருள்முடி. இடது கையில் பழங்கள் நிரம்பிய வளமைக் கொம்பு. இத்தனையும் கிரேக்கச் சிற்பிகளின் பாணி. ஆனால் அந்தச் சுருள்முடிக்கு நடுவே பொத்தான் அளவில் இரட்டைக் கிரீடம், காதுக்குப் பின்னால் தேடினால் சன்னமாய் அந்த எகிப்தியச் சடை. இதைக் ‘கலப்படம்’, ‘வீழ்ச்சிக் காலக் கலை’ என்று பழைய புத்தகங்கள் ஒதுக்கின. நான் அந்தக் கட்சியில் இல்லை. கிரேக்கம் பேசி, எகிப்தியப் பெயர் வைத்து, ரோமுக்கு வரி கட்டிய ஒரு குடும்பத்தின் சாமி வேறு எப்படி இருக்கும்? அலெக்சாண்டிரியாவின் கோம் எல்-ஷொகாஃபா நிலவறைக் கல்லறையில் நாய்த்தலை அனுபிஸ் ரோமானியச் சிப்பாயின் கவசம் போட்டு நிற்கிறார். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பருந்துத்தலை ஹோரஸ் ரோமானியப் படை உடையில் உட்கார்ந்திருக்கிறார். காவல் தெய்வத்துக்கு அந்தக் காலத்தில் அதிகாரம் எந்த உடையில் வந்ததோ அந்த உடையைப் போட்டார்கள்.

செய்முறை மெழுகு வார்ப்பு. தேன்மெழுகில் உருவம் பிடித்து, மேலே மண் பூசி, சுட்டு மெழுகை வடித்து, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவது. இவ்வளவு சிறியவை பெரும்பாலும் நம் ஸ்தபதிகள் கனவார்ப்பு என்று சொல்வதுதான், உள்ளே முழுக்க உலோகம். பெரிய சிலைகளுக்கு நடுவில் மண் கரு வைத்துப் பொள்ளலாக வார்த்தார்கள். உலோகக் கலவையில் கவனிக்க வேண்டியது ஈயம். செம்பும் வெள்ளீயமும் மட்டும் இருந்தால் உருகிய உலோகம் சின்ன விரல், சின்னக் கிரீடம் வரை ஓடுவது கஷ்டம். ஈயம் சேர்த்தால் குறைந்த சூட்டில் இளகி மூலைமுடுக்கெல்லாம் பாயும், விலையும் மலிவு. பிற்கால எகிப்தியச் சிலைகள் சிலவற்றில் ஈயம் 20 சதவீதத்தையும் தாண்டும்.

இன்னொன்று துத்தநாகம். ரோமானியர்கள்தான் பித்தளையைப் பரவலாகப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள், நாணயத்துக்கே பயன்படுத்தினார்கள். அதனால் பரிசோதனையில் குறிப்பிடத்தக்க அளவு துத்தநாகம் தெரிந்தால், சிலை ரோமானியர் காலத்ததாகவோ அதற்குப் பிந்தியதாகவோ இருக்கலாம் என்று சந்தேகிக்கலாம். ஆனால் அன்றைய முறையில், செம்போடு துத்தநாகக் கனிமத்தையும் கரியையும் சேர்த்து மூடிச் சூடேற்றித்தான் பித்தளை செய்தார்கள். அதில் துத்தநாகம் சுமார் 28 சதவீதத்துக்கு மேல் ஏறாது. 35 சதவீதம் இருக்கும் ‘ரோமானிய’ச் சிலை என்று ஒன்றை யாராவது காட்டினால், அது அண்மைக் காலத்துப் பட்டறையில் பிறந்தது.

இந்தக் குழந்தை எகிப்தோடு நிற்கவில்லை. இத்தாலியின் பொம்பெய் நகரில் கி.பி. 62 நிலநடுக்கத்தில் விழுந்த ஐசிஸ் கோயிலை, பொப்பிடியஸ் கெல்சினஸ் என்ற ஆறு வயதுச் சிறுவன் பெயரில் திரும்பக் கட்டினார்கள், கல்வெட்டே இருக்கிறது. லண்டனில் தேம்ஸ் ஆற்றிலிருந்து எடுத்து 1825இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு வந்த ஒரு குட்டி வெள்ளி ஹார்ப்போக்ரட்டீஸ், கிரேக்கர்களின் காதல் தேவன் ஈராஸ் போல இறக்கையோடும் தங்கச் சங்கிலியோடும் இருக்கிறார். கிழக்கே ஆப்கானிஸ்தானின் பெக்ராமில் பிரெஞ்சு அகழ்வாளர்கள் 1930களின் இறுதியில் திறந்த அறைகளில் ஒரு வெண்கல ஹார்ப்போக்ரட்டீஸ் கிடைத்தார். இன்றைய பாகிஸ்தானில் உள்ள தட்சசீலத்தின் சிர்கப் நகரத்தில் ஜான் மார்ஷல் தோண்டியபோது இன்னொருவர், உதட்டில் விரல், தலையில் இரட்டைக் கிரீடம் எல்லாம் அப்படியே. அலெக்சாண்டிரியாவிலிருந்து நைல் வழியாக மேலேறி, பாலைவனம் கடந்து செங்கடல் துறைமுகம், அங்கிருந்து பருவக்காற்றில் சிந்து முகத்துவாரம், பிறகு மேல்நோக்கி வடமேற்கு. அந்தப் பயணம்தான் பொருத்தமாகப் படுகிறது. முதல் நூற்றாண்டுக் கிரேக்க மாலுமிக் கையேடான பெரிப்ளஸ், அரேபியத் துறைமுகமான கானேயின் அரசனுக்குக் கப்பலில் போகும் பொருள்களில் சிலைகளையும் சேர்த்தே சொல்கிறது.

அந்தச் செங்கடல் துறைமுகங்களில் தமிழரும் இருந்தார்கள். குசேர் அல்-காதிமில் ‘சாதன்’, ‘கணன்’ என்று தமிழ் பிராமியில் கீறிய பானை ஓடுகள் கிடைத்தன. பெரெனிகேயில் செராபிஸ் என்ற தெய்வத்தின் கோயில் வளாகத்தில், இந்தியச் சாடி ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு. அதே ஊர் ஐசிஸ் கோயிலின் முன்முற்றத்தில் 2022இல் ஒரு புத்தர் சிலை. ஆகவே ஹார்ப்போக்ரட்டீஸைப் பார்த்த தமிழ் வணிகர் யாராவது இருந்திருக்கலாமா என்றால், தாராளமாக இருந்திருக்கலாம். ஆனால் பாலகிருஷ்ணனின் உருவம் இதிலிருந்து வந்தது என்றோ, இது அதிலிருந்து போனது என்றோ காட்ட எந்தச் சான்றும் இல்லை. எகிப்தின் குழந்தை உருவத்துக்கு அங்கேயே பல நூற்றாண்டு வரலாறு தெளிவாக இருக்கும்போது, வெளியில் தேட வேண்டிய தேவையும் இல்லை. வாட்ஸ்அப்பில் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்து வரும் படங்களைத் தயவுசெய்து நம்பாதீர்கள்.

இப்போது வாங்கும் விஷயம். எகிப்தின் 1983ஆம் ஆண்டு 117ஆம் எண் சட்டம் தொல்பொருள் வணிகத்தை முற்றிலும் தடை செய்தது. அதற்குப் பின் நாட்டை விட்டு வெளியேறி விற்பனைக்கு வந்தது கடத்தல் சரக்காகத்தான் இருக்கும். அதற்கு முன்பே முறையாக வெளியேறியது என்றால் விற்பவரிடம் காகிதம் இருக்க வேண்டும். யுனெஸ்கோ உடன்படிக்கை வந்த 1970க்கு முன்பே அது எங்கே, யாரிடம் இருந்தது என்பதற்கான ஆவணத்தைத்தான் நல்ல அருங்காட்சியகங்கள் கேட்கின்றன. ‘பழைய ஐரோப்பியத் தனியார் சேகரிப்பு’ என்ற ஒற்றை வரி ஆவணம் ஆகாது. திருட்டுத்தனமாகத் தோண்டி எடுத்த சிலையோடு அது எந்த வீட்டில், எந்த மாடத்தில், எந்தக் காசுக்குப் பக்கத்தில் கிடந்தது என்பதும் போய்விடுகிறது. கரானிஸ் நமக்கு இவ்வளவு சொல்வதற்கு ஒரே காரணம், அங்கே பொருள்கள் கிடந்த இடத்தோடு பதிவானதுதான்.

போலிகளும் ஏராளம். உண்மைச் சிலையிலிருந்து அச்செடுத்து வார்த்தால் மூக்கும் விரல் நுனியும் சோப்புக்கட்டி தேய்ந்தது போல மழுங்கும். பச்சை நிறம் ஒரே சீராக, சாயம் பூசியதாக உட்கார்ந்திருக்கும். உண்மையான களிம்பு உலோகத்துக்குள்ளிருந்தே வளர்ந்து, செம்பழுப்பு, கரும்பச்சை, நீலம் என அடுக்காக இருக்கும். உண்மையானது உங்கள் கைக்கு வந்தாலும் சிக்கல்தான். எகிப்திய மண்ணின் உப்பு உலோகத்துக்குள் குளோரைடாகப் பதுங்கியிருக்கும். காற்றின் ஈரம் பட்டதும் வெளிர்பச்சைத் தூளாகப் பொங்கிச் சிலையைத் தின்ன ஆரம்பிக்கும். இதை வெண்கல நோய் என்பார்கள். காற்றின் ஈரப்பதத்தை 40 சதவீதத்துக்குக் கீழே வைத்திருந்தால்தான் அடங்கும். சென்னை மாதிரி கடலோர ஊரின் வரவேற்பறை அலமாரியில் அது முடியாத காரியம்.

அந்தச் சிலையின் மேல் உங்களுக்கு ஆசை வந்துவிட்டது புரிகிறது, வரத்தான் செய்யும். மெட்ரோபாலிட்டன், பிரிட்டிஷ் அருங்காட்சியகம், லூவர், லண்டன் பெட்ரி அருங்காட்சியகம் ஆகிய எல்லாமே தங்கள் பட்டியலைப் படங்களோடு இணையத்தில் இலவசமாகத் திறந்து வைத்திருக்கின்றன. ஹார்ப்போக்ரட்டீஸ் என்று ஆங்கில எழுத்தில் தேடினால் வரிசையாக வருவார்கள். ஒவ்வொன்றிலும் முதுகுப் பக்கப் படம் இருக்கிறதா, வளையமா முளையா, சடை எந்தப் பக்கம், காலம் எவ்வளவு அகலமாகக் குறித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ‘ரோமானியர் காலம்’ என்று மட்டும் இருந்தால் கி.மு. 30 தொடங்கிச் சுமார் நானூறு ஆண்டில் எதுவாகவும் இருக்கலாம். கண்டெடுத்த இடம் என்ற வரியில் ஊர்ப் பெயர் இருக்கும் சிலையைக் கண்டால் அங்கே நின்று நிதானமாகப் படியுங்கள், அப்படிப்பட்டவை குறைவு. நீங்கள் பார்த்த சிலையின் பதிவு எண் கையில் இருந்தால் அனுப்புங்கள், பின்பக்கப் படம் கேட்டு அந்த அருங்காட்சியகத்துக்கு எப்படி எழுதுவது என்று சொல்கிறேன்.